பச்சை பெல்ட்டில் ஒரு பிஸ்டல்

கல்யாண மண்டபம். இரண்டாவது பந்தி. சாம்பார் வாளி நெருங்குகிறது. என் மாமா சோற்றில் குழி பறிக்கக் குனிகிறார். குனிந்தவர் வெடுக்கென்று நிமிர்ந்து, முகத்தைச் சுளித்து, இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். "இன்னாங்க, வாயுப் பிடிப்பா?" என்றார் பக்கத்து இலைக்காரர்.

வாயுப் பிடிப்பு இல்லை. பிஸ்டல் பிடிப்பு.

மாமாவின் ஊர் உத்திரமேரூரிலிருந்து சற்றுத் தள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம், மாமா பெயர் வேண்டாம், அவர் போய் நிற்கும் ஸ்டேஷன் எதுவென்றும் கேட்காதீர்கள். ஒரு ரைஸ் மில், ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சை, முன்னொரு காலத்தில் ஒன்றியத்தில் ஒரு பொறுப்பு. இடுப்பில் நாலு விரல் அகலத்துக்குப் பச்சை பெல்ட். நம்மூர் ஆண்களின் நடமாடும் பீரோ அது. பணம் ஒரு பையில், சர்க்கரை மாத்திரை ஒரு பையில், இன்னொன்றில் போன். மாமா போனைச் சட்டைப் பைக்கு ஏற்றிவிட்டு அந்த இடத்தில் பாயின்ட் 32 பிஸ்டலைச் செருகினார். ஏறக்குறைய முக்கால் கிலோ இரும்பு. செய்தவன் பேன்ட்டை மனதில் வைத்துச் செய்திருக்கிறான். வேட்டியை அவன் யோசிக்கவே இல்லை. உட்கார்ந்தால் தொப்பையில் குத்தும். பெரியவர் காலில் விழுந்தால் விலாவில் ஏறும். கொல்லைப்புறம் போவதென்றால் முதலில் அதைக் கழற்றி ஜன்னல் திட்டில் வைக்க வேண்டும். அங்கே மறந்துவிட்டு வந்தால் அது குற்றம்.

துப்பாக்கியை உறையில் மூடி, வெளியே தெரியாமல்தான் கொண்டுபோக வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள். மாமா சட்டத்தை மதிப்பவர். மூடித்தான் கொண்டுபோனார். மூடியது என்னவோ மல் துணிச் சட்டை. உள்ளே இருப்பது தெரியக் கூடாது என்பது சட்டம். தெரிய வேண்டும் என்பதற்குத்தான் லைசென்ஸ். இரண்டையும் ஒரே துணியில் நிறைவேற்றியவர் என் மாமா.

அமெரிக்காவில் தினமும் இடுப்பில் செருகிப் போவதற்கென்றே குட்டி பிஸ்டல்கள் செய்கிறார்கள். க்ளாக், சிக் சாவர் என்று கம்பெனிகள். உள்ளங்கையில் அடங்கும், பத்து ரவுண்டு பிடிக்கும். அநேகமாக எல்லாம் 9 எம்.எம். இங்கே அந்த 9 எம்.எம். தடை செய்யப்பட்ட வகை. அது போலீஸுக்கும் ராணுவத்துக்கும். குடிமகனுக்கு பாயின்ட் 32 போதும் என்று அரசு தீர்மானித்திருக்கிறது. வெளிநாட்டு இறக்குமதியும் 1980களின் நடுவிலேயே அடைபட்டுவிட்டது. அதற்கு முன் வந்து சேர்ந்த பழைய துப்பாக்கிகள் இன்றும் லட்சக்கணக்கான ரூபாய்க்குக் கைமாறுகின்றன. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலைச் சரக்குதான் கதி. விற்பவன் அரசு, லைசென்ஸ் கொடுப்பவன் அரசு, தேர்தல் வந்தால் பிடுங்கி வைப்பவனும் அரசு. ரேஷன் கடையில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

2023 ஆகஸ்டில் கான்பூர் அரசு நிறுவனம் 'பிரபல்' என்று ஒரு ரிவால்வரை இறக்கியது. 50 மீட்டர் வரை சுடும் என்று விளம்பரம். மாமாவுக்குக் கண்ணாடி இல்லாமல் இலையில் அப்பளம் எது, வடை எது என்று தெரியாது.

அதே கான்பூர் 2014 ஜனவரியில் பெண்களுக்கென்று ஒரு ரிவால்வர் செய்தது. பெயர் 'நிர்பீக்'. டெல்லிப் பேருந்தில் சிதைக்கப்பட்டுச் செத்த பெண்ணை நாடு 'நிர்பயா' என்று அழைத்ததே, அந்தப் பெயரின் சாயல். எடை 500 கிராம். நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி. அன்றைய விலை 1,22,360 ரூபாய். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ராத்திரி ஷிப்ட் முடிந்து கம்பெனி வேனிலிருந்து இறங்கும் பெண்ணிடம் இதைப் போய்ச் சொல்லிப் பாருங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று மூன்று மாதமாக மனு கொடுக்கிறாள் அவள். விளக்கு போடத் துப்பில்லை. துப்பாக்கி போட்டார்கள். அதையும் பெட்டியில் போட்டார்கள்.

சரி, லைசென்ஸ் யாருக்குக் கிடைக்கிறது?

2016 முடிவில் நாடு முழுக்க 33 லட்சத்துச் சொச்சம் லைசென்ஸ்கள். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் 22 ஆயிரத்துச் சொச்சம். ஏழு கோடிப் பேரில் மூவாயிரத்துக்கு ஒருவர். பெருமைப்படலாம் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அந்த மூவாயிரத்தில் ஒருவர் யார் என்று உங்கள் ஊரில் எண்ணிப் பாருங்கள். களத்துமேட்டில் படுத்து நெல்லுக்குக் காவல் காப்பவரா? ராத்திரி பன்னி மேய்ந்துவிட்டுப் போன வேர்க்கடலைக் கொல்லையைப் பார்த்து வயிற்றில் அடித்துக்கொள்பவரா?

மனுவில் ஒரு கேள்வி வரும்: துப்பாக்கி எதற்கு? உயிருக்கு ஆபத்து என்று எழுதினால் ஆதாரம் கேட்பார்கள். வாயால் சொன்னால் செல்லாது, எஃப்.ஐ.ஆர். வேண்டும். ஆக, நாலு பேரைப் பகைத்துக்கொண்டு, அடிதடியில் ஸ்டேஷன் படியேறி, கேஸ் நம்பரோடு நிற்பவனுக்குத்தான் ஆபத்து ருசுவாகிறது. வம்புதும்பு இல்லாமல் பயந்து வாழ்ந்தவனுக்கு ஆபத்தே இல்லை. இன்ஸ்பெக்டர் பார்க்க வேண்டும், தாசில்தார் பார்க்க வேண்டும், ஆர்.டி.ஓ. பார்க்க வேண்டும், கடைசியில் கலெக்டர் மேஜை. "எல்லாரையும் பார்த்தாச்சு" என்பார் மாமா. அந்தப் 'பார்த்தாச்சு'வுக்கு நம்மூரில் உரை எழுத வேண்டியதில்லை.

ஜம்மு காஷ்மீரில் பார்த்த பார்வை இன்னும் பெரிது. 2012 முதல் 2016 வரை அங்கே முறைகேடாகக் கொடுத்த லைசென்ஸ்கள் 2.78 லட்சம் என்பது சி.பி.ஐ.யின் கணக்கு. மாவட்ட நிர்வாகத்தில் இருந்த உயர் அதிகாரிகளே கைதானார்கள். ஆபத்துக்கு ஆதாரம் கேட்கிற மேஜையிலேயே கையெழுத்து விலைக்குப் போயிருக்கிறது என்றது சி.பி.ஐ.

2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம். ஒன்று போதும் என்று மசோதா வந்தது. பஞ்சாப் பக்கம் கொதித்தார்கள். உடனே இரண்டாயிற்று. விவசாயி கொதித்தால் மசோதா இவ்வளவு வேகமாக அசைந்ததுண்டா? டெல்லி எல்லையில் ஒரு வருஷம் உட்கார வேண்டியிருந்தது.

உத்திரமேரூரைப் பற்றிப் பேசிவிட்டு வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்காமல் போனால் கண் போய்விடும். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. முப்பது குடும்பு, அதாவது வார்டு. குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுக்கும் குடவோலை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே உத்திரமேரூரைச் சொன்னார். அன்று முதல் மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அது பிராமணர்களுக்கு விட்ட பிரம்மதேயத்துச் சபை, உழுதவனுக்கு அதில் ஓலை கிடையாது என்பதை மட்டும் எந்த மேடையிலும் சொல்வதில்லை. போகட்டும். சொல்கிற பாதியையாவது முழுசாகச் சொல்லலாம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் நிற்க முடியாது என்று கல்லில் வெட்டியிருக்கிறது. அவன் மட்டும் இல்லை, அவனுடைய உறவுக்காரனும் முடியாது. சித்தி மகன், மாமன் மகன், மைத்துனன், மருமகன் என்று ஒரு பெரிய பட்டியல்.

ஆயிரத்து நூறு வருஷம் கழித்து அந்தப் பட்டியல் பத்திரமாகத்தான் இருக்கிறது. கணக்குக் காட்டாதவருக்கு ஒரு கன்மேன். அவர் மைத்துனருக்கு கிரஷர். மருமகனுக்கு லைசென்ஸ்.

கன்மேன் என்றால் யார்? சஃபாரி சட்டை போட்டு, நம் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கி, காது குத்து வீட்டில் மொய் எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்பாரே, அந்தக் காவலர். பாவம், அவருக்கு மூட்டு வலி. அவர் ஸ்டேஷனில் ஆள் பற்றாக்குறை. சங்கிலி பறித்தவனைத் தேட ஆள் இல்லை. தலைவருடைய காரின் கதவைத் திறந்துவிட ஒருவர் முழுநேரமும் வேண்டும். இதற்குத்தான் எத்தனை போட்டி! போலீஸ் பாதுகாப்பு வாங்குவதற்காகத் தன் வீட்டின் மீது தானே ஆள் வைத்து பெட்ரோல் குண்டு வீசச் செய்ததாகக் கட்சிப் பிரமுகர்கள் கைதான செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். திண்ணையில் திரி பற்றவைத்து அந்தஸ்து வாங்கும் நாடு இது. மாமாவைக் குற்றம் சொல்லி என்ன பயன்? கன்மேன் கிடைக்காதவர் கன்னாவது கிடைக்கட்டும் என்று மனு போட்டார்.

இப்போது நிஜமான ஆபத்தைப் பார்ப்போம். உத்திரமேரூர்ச் சாலையில் விடியற்காலை நின்று பாருங்கள். டிப்பர் டிப்பராக ஜல்லியும் எம்.சாண்டும் போகும். சாலையோரப் புளியமரத்து இலை பச்சையாக இருக்காது. விபூதி பூசினாற்போல் இருக்கும். 2021 பிப்ரவரியில் உத்திரமேரூர் பக்கம் மதூர் கல்குவாரியில் சரிவு விழுந்து தொழிலாளர் உயிர் போனது. குவாரி நடத்துகிறவருக்குத் துப்பாக்கி கேட்டால் கிடைக்கும், ஏனென்றால் அவர் கையில் பணம் புழங்குகிறது. கல் உடைக்கிறவனுக்கு ஹெல்மெட் கிடைக்காது. அவன் கையில் கல்தானே புழங்குகிறது?

கல்லும் மணலும் போகிற போக்கைத் தட்டிக் கேட்டவர் கதி? தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாடு. கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் மணல் கடத்தலைப் பற்றிப் போலீஸில் புகார் கொடுத்தார். 2023 ஏப்ரல் 25, பட்டப்பகல். அலுவலகத்துக்குள் புகுந்து அவரை வெட்டினார்கள். புதுக்கோட்டை மாவட்டம் திருமயம். ஜகபர் அலி கல்குவாரி முறைகேடுகளைப் பற்றி மனு மேல் மனு போட்டார். 2025 ஜனவரி 17, தொழுகை முடித்து இருசக்கர வண்டியில் திரும்பினார். டிப்பர் ஏற்றினார்கள். குவாரிக்காரர்கள் பிறகு கைதானார்கள். ஆபத்துக்கு ஆதாரம் கேட்கிற அரசே, அந்த மனுக்கள்தான் ஆதாரம். உன் அலுவலகத்திலேயே முத்திரை குத்தி வாங்கி வைத்திருந்தாய்.

இவர்களுக்கும் ஆளுக்கொரு பிஸ்டல் கொடுத்திருக்க வேண்டும் என்கிறேனா? டிப்பர் லாரியை எந்த பிஸ்டல் நிறுத்தும்? மனுவை மனுவாக மதித்திருந்தால் போதும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு பழைய வழக்குண்டு. உத்திரமேரூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் வேடந்தாங்கல். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பொழுதுபோக்காக ஏரிப் பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர்தான் எங்கள் வயலுக்கு உரம் என்றார்கள். 1798 வாக்கில் அவர் கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுத்தார்: இந்த ஏரியில் யாரும் சுடக் கூடாது. எஃப்.ஐ.ஆர். கேட்கவில்லை. ஆபத்து நாரைக்கா, கொக்கா, ஆதாரம் எங்கே என்று கேட்கவில்லை. ஊர் சொன்னது, அதிகாரி கேட்டார். வேடந்தாங்கலில் இன்றும் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கம்பெனிக்காரன் ஆட்சியில் கொக்குக்குக் கிடைத்த பாதுகாப்பு, நம் ஆட்சியில் ஜகபர் அலிக்குக் கிடைக்கவில்லை.

மாமாவின் பிஸ்டலுக்கு வருகிறேன். வாங்கிய வருஷம் ஆயுத பூஜை வந்தது. மில் மோட்டார், தராசு, அரிவாள்மனை எல்லாவற்றோடும் அதற்கும் சந்தனம், குங்குமம். அத்தை கைராசிக்காரி, தாராளமாகக் குழைத்து வைத்தாள். சந்தனம் ஸ்லைடு ஓடும் பள்ளத்தில் இறங்கிக் காய்ந்தது. மறுநாள் மாமா இழுத்தால் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். நகம் பெயர்ந்தது. அத்தை தேங்காய் எண்ணெய் விட்டாள். அதற்கப்புறம் அது வருகிறது, போகிறது. சுடுமா என்பது யாருக்கும் தெரியாது. பழகிப் பார்க்கப் பக்கத்தில் இடம் இல்லை. குண்டு ஒன்றின் விலையைக் கேட்டால் பழகும் ஆசையும் போய்விடும். கொண்டாட்டத்தில் வானத்தைப் பார்த்துச் சுடலாம் என்றால், 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வருஷம் வரை ஜெயில், இல்லையேல் ஒரு லட்சம் வரை அபராதம், இல்லையேல் இரண்டும். பேரன் பொட்டு வெடித் துப்பாக்கியோடு தெருவெல்லாம் சுட்டுத் தள்ளுகிறான். தாத்தா பொறாமையோடு பார்க்கிறார்.

இதில் தினமும் இடுப்பில் வைத்துக்கொள்வது வேறு. எந்தத் தினம்?

2021 பிப்ரவரி 26, சட்டமன்றத் தேர்தல் அறிவிப்பு. ஸ்டேஷனிலிருந்து போன்: "கொண்டாந்து ஒப்படைச்சிடுங்க சார்." மே 2 எண்ணிக்கை முடிந்து திரும்ப வாங்கினார். எண்ணெய் போட்டுத் துடைத்தார். செப்டம்பர் 13, ஒன்பது மாவட்டங்களுக்கு ஊரக உள்ளாட்சித் தேர்தல். காஞ்சிபுரமும் அதில் ஒன்று. மறுபடி போன். அக்டோபரில் திரும்பி வந்தது. பொங்கலைப் பார்த்தது. 2022 ஜனவரி 26, நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். மாமா ஊர் பேரூராட்சியிலேயே சேராது. "பக்கத்துலதானே சார் இருக்கு" என்றார்கள். ஒரு வருஷத்துக்குள் மூன்று முறை. பிஸ்டல் மாமா இடுப்பில் இருந்ததைவிட ஸ்டேஷன் பீரோவில் இருந்த நாள்தான் சுகமாக இருந்திருக்கும். அங்கே சந்தனம் இல்லை.

ஆளைப் பார்த்து, அவர் பின்னணியைப் பார்த்து முடிவெடுங்கள் என்றுதான் தேர்தல் ஆணையத்தின் உத்தரவு. அதற்கொரு குழுவும் உண்டு. ஆளைப் பார்ப்பது வேலை. எல்லோரிடமும் வாங்கிப் போடுவது சுலபம்.

நம் தேர்தலை பிஸ்டல் எப்போது கெடுத்தது? 2016இல் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும் நின்றன. 2017இல் ஆர்.கே. நகர் நின்றது. 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியே நின்றது. நான்கும் நின்றது நோட்டால். தோட்டாவால் ஒன்றும் நிற்கவில்லை. நியாயப்படி அறிவிப்பு வந்த அன்றே நோட்டை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி போன் வர வேண்டும். வந்தால் பீரோ போதாது. மாமா மில் குடோன் வேண்டும்.

தமிழ்நாட்டில் தேர்தலோடு சம்பந்தப்பட்ட பெரிய துப்பாக்கிச் சூடு என்றால் நினைவுக்கு வருவது ஒன்றுதான். 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டார். கழுத்துக் கட்டோடு படுத்திருந்தவரின் படம் சுவரெல்லாம் ஏறியது. பரங்கிமலையில் படுத்தபடியே ஜெயித்தார். அன்றிலிருந்து நம் கட்சிக்காரர்களுக்குக் குண்டின் பலன் தெரியும். யாராவது தங்களைச் சுட்டுவிட மாட்டார்களா, கழுத்துக்கு இரண்டு விரல் தள்ளி, என்றுதான் ஏங்குகிறார்கள்.

2024 நாடாளுமன்றத் தேர்தல். மார்ச் 16 அறிவிப்பு. பிஸ்டல் வழக்கம்போல் பீரோவுக்குப் போயிற்று. ஏப்ரல் வெக்கை. மாமாவும் அத்தையும் மொட்டைமாடியில் படுத்திருந்தார்கள். நடுராத்திரி கீழே கதவு நெம்புகிற சத்தம். மாமா எழுந்தார். கை தானாக இடுப்புக்குப் போனது. பெல்ட்டில் சர்க்கரை மாத்திரை இருந்தது. கத்தினார். நாய் குரைத்தது. அவர்கள் சாவகாசமாக ஏழு பவுனையும் இரண்டு பித்தளை அண்டாவையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

காலையில் ஸ்டேஷன். எஸ்.ஐ. சின்னப் பையன். நோட்டைத் திறந்து எல்லாம் கேட்டான். பிறகு, நிஜமான அக்கறையோடு கேட்டான்: "சார், உங்ககிட்டதான் லைசென்ஸ் துப்பாக்கி இருக்குதே. எடுத்துக் காட்டியிருந்தாலே ஓடியிருப்பானுங்களே?"

மாமா அவன் தலைக்கு மேல் பார்த்தார். அங்கே பச்சை இரும்பு பீரோ.

"அத்தாம்பா, சாவி உங்கிட்ட இருக்குது" என்றார்.

எஃப்.ஐ.ஆர். போட இன்ஸ்பெக்டர் வர வேண்டும், அவர் தேர்தல் பந்தோபஸ்தில் இருக்கிறார் என்றார்கள். சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். பிஸ்டல் ஒப்படைத்த ரசீது ஏற்கெனவே மாமாவிடம் இருந்தது. இரண்டையும் ஒன்றாக மடித்தார். பச்சை பெல்ட்டில் காலியாக இருந்த பையில் செருகி, பட்டனை அழுத்தினார். டிக் என்று மூடியது. உட்கார்ந்து பார்த்தார், எழுந்து பார்த்தார். எங்கேயும் குத்தவில்லை.